அடுத்தவர் காசில் ஒரு சொத்து

என் மச்சான் ரியல் எஸ்டேட்டில் ஒரு சித்தாந்தி. "பேங்க்காரன் காசு போட்டு வாங்கிக் கொடுப்பான், குடித்தனக்காரன் வாடகை கொடுத்துக் கடனை அடைப்பான், பத்திரம் மட்டும் உங்க பேர்ல இருக்கும். கடன் வாங்காம எவன் மாமா முன்னுக்கு வந்திருக்கான்?" என்பான். இதைச் சொல்பவன் இன்றுவரை என் மாமனார் கட்டிய வீட்டில்தான் இருக்கிறான் என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2021-இல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதம். வீட்டுக்கடன் 6.7-க்குக் கிடைத்தது. ஊரப்பாக்கத்தில் 50 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை ஃப்ளாட். மச்சான் பால்கனியில் நின்று கையை நீட்டி, "அந்தா பாருங்க, அங்கதான் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வருது" என்றான். எனக்கு ஒரு தண்ணீர் லாரி தெரிந்தது.

சித்தாந்தத்தின் முதல் பகுதி பத்திரப்பதிவுக்கு முன்பே ஆட்டம் கண்டது. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 40 லட்சம். மீதி 10 லட்சம் கைக்காசு. அது போக முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் அப்போது 4 சதவீதம். இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. என் மனைவியின் வளையல்கள் அந்த வாரம் நகைக்கடன் கவுண்டரில் எடை போடப்பட்டன. அடுத்தவர் காசு என்று மச்சான் சொன்னது அவன் அக்காவைத்தான் போலிருக்கிறது.

"பத்திரம் உங்க பேர்ல" என்பது உண்மைதான். ஆனால் அசல் வங்கியில் இருக்கிறது. அதை அங்கே ஒப்படைத்ததற்கும் ஓர் ஆவணம் எழுதிப் பதிவு செய்தார்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் என் பெயருக்கு அடுத்த பதிவிலேயே வங்கி உட்கார்ந்திருக்கிறது. என் கையில் இருப்பது ஜெராக்ஸ்.

குடித்தனக்காரர் தங்கமானவர். 14,000 ரூபாய் வாடகையை ஒன்றாம் தேதியே அனுப்பிவிடுவார். ஐந்தாம் தேதி வங்கி என் கணக்கிலிருந்து 30,296 ரூபாயை எடுத்துக்கொள்ளும். சொத்துவரி, அசோசியேஷன் மெயின்டனன்ஸ், "சார், கீஸர் போட்டா ட்ரிப் ஆகுது" எல்லாம் தனி. 2023 டிசம்பர் இறுதியில் பஸ் ஸ்டாண்டு திறந்ததும், வாடகையை ஏற்றிக் கேட்கலாமென்று போனேன். காபி கொடுத்து உட்காரவைத்தார். "பஸ் ஸ்டாண்டு வந்ததுலேருந்து ஒரே டிராஃபிக் சார், நானே குறைக்கச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு, தான் மாதம் பதினைந்தாயிரம் எஸ்ஐபி போடுவதாகச் சொல்லி, "நீங்களும் சேமிக்கணும் சார்" என்று அன்போடு எடுத்துரைத்தார்.

இதற்கிடையில் 2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கியிருந்தது. 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்கு வந்துவிட்டது. அதோடு பிணைக்கப்பட்ட என் வட்டியும் 9.2 ஆனது. ஆனால் இஎம்ஐ மட்டும் அதே 30,296. வங்கிக்குத்தான் எவ்வளவு பெரிய மனது என்று நெகிழ்ந்துபோயிருந்தேன். கணக்குப் பிள்ளையின் மகளான என் மனைவி, ஸ்டேட்மென்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து அடிக்கோடு போட்டாள். அந்த மாதத் தவணையில் வட்டிக்குப் போனது 29,700-க்கு மேல். அசலில் கழிந்தது ஐந்நூற்றுச் சொச்சம். இஎம்ஐயைத் தொடாத வங்கி, தவணைக் காலத்தை நீட்டிவிட்டிருந்தது. இந்த வேகத்தில் கடன் தீர இன்னும் 43 வருடம். எனக்கு அப்போது வயது 46. என் ஆயுள்மேல் எந்த ஜோசியரும் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை.

நாடு முழுக்க இப்படிச் சிரஞ்சீவிகள் பெருகிவிட்டார்கள் போலும். வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரையே கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. எங்கள் வீட்டில் கேட்க வேண்டிய ஆளை வங்கி கேட்கவில்லை. அவளே கிளம்பிப் போனாள். மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் கூட்டிக் கட்டினால் 43 வருடம் பதினெட்டாகச் சுருங்கும் என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டி, மேலாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து கடன் நிர்வாகம் அவள் கையில். சட்டங்கள் மூன்று. தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆகவே தீபாவளி போனஸ் நேரே அசலுக்கு. அசல் குறைந்தால் இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லக் கூடாது, காலத்தைத்தான் குறைக்க வேண்டும். வளையல் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்ப வேண்டும். மூன்றாவது சட்டம்தான் முதலில் நிறைவேறியது.

2025-இல் ரெப்போ இறங்கத் தொடங்கியதும் மச்சான் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். "வட்டி குறையுது மாமா. இதே ஃப்ளாட்டு மேல டாப்-அப் லோன் போட்டு இன்னொன்னு அமுக்கிடலாம். பரந்தூர்ல ஏர்போர்ட் வருது!"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"தாராளமா வாங்கலாம்டா. லோனை உன் பேர்ல போடு. வாடகைக்கு நாங்க வர்றோம்."