இழுத்துவிடுதலா, இழுத்து விடுதலா? ஆரணித் தறியை முன்வைத்து ஓர் ஆய்வு

இத்துறையை இதுவரை எவரும் ஆராயவில்லை. எல்லா ஆய்வேடுகளும் இப்படியே தொடங்குவதால் இதுவும் இப்படியே தொடங்குகிறது. கணினித் திரையில் ஒரு கோப்பை மவுஸால் பிடித்து, நகர்த்திக் கொண்டுபோய், இன்னோர் இடத்தில் போடும் செயலே இங்கு ஆய்வுப்பொருள். ஆய்வுக்களம் ஆரணி. ஏன் ஆரணி என்றால், களம் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில், பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய இவ்வூரில் இருவகை இழுப்பும் ஒரே தொழிலுக்குள் அடங்கியிருப்பது. புட்டாவைக் கணினியில் ஒருவர் மவுஸால் இழுத்து வைக்கிறார். அதே புட்டாவைக் குழித்தறியில் இன்னொருவர் கயிற்றை இழுத்து நெய்கிறார். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டையிட்டு வென்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அதற்கும் இக்கட்டுரைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஊர் வரலாறு இல்லாத இயலைத் தேர்வாளர் படிப்பதில்லை என்பதற்காகச் சேர்க்கப்பட்டது.

கருதுகோள் வருமாறு: உலகம் இச்செயலை இழுத்தல், விடுதல் என இரண்டாகப் பகுக்கிறது. அற்றன்று, அது மூன்று. இழுத்தலுக்கும் விடுதலுக்கும் நடுவே பிடித்திருத்தல் என்று ஒன்று உண்டு. இச்செயலின் நன்மை, தீமை, சாபம் எல்லாம் அந்த நடுப்பகுதியிலேயே இருக்கின்றன.

முதலில் பெயர். ‘இழுத்து விடு’ என இடைவெளி விட்டு எழுதினால் இரண்டு வினை: இழு, பிறகு விடு. பீடிப் புகையை இழுத்து விடுபவர் இரண்டு வேலையும் செய்கிறார். ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாதிருந்தால் மூச்சு முட்டும். ‘இழுத்துவிடு’ எனச் சேர்த்து எழுதினாலோ ‘விடு’ துணைவினையாகித் தன் பொருளை இழந்து, வேலை முடிந்தது என்பதை மட்டும் காட்டும். ‘வந்துவிட்டான்’ என்றால் அவனை எவரும் எங்கும் விடவில்லை. ‘வம்பில் இழுத்துவிட்டார்’ என்னுமிடத்தில் இழுத்தவர் விடவே இல்லை என்பதுதான் துயரம். ஆகவே ‘கோப்பை இழுத்துவிடவும்’ என்ற குறிப்பைப் படித்த இலக்கணம் கற்ற ஒருவர், கோப்பை இழுத்த கையோடு மவுஸ் பொத்தானை அழுத்தியபடியே மாலைவரை உட்கார்ந்திருந்தால் அவர்மேல் குற்றமில்லை. சொன்னதை அவர் செய்து முடித்துவிட்டார். புணர்ச்சி விதியாவது கைகொடுக்குமா என்றால், ‘இழுத்து’ என்னும் சொல்லுக்குப் பின் இடையினமாகிய வகரம் வருவதால் ஒற்று மிகாது, தடயமும் கிடைக்காது. ‘இழுத்துப் போடு’ என்பதில் வல்லினம் மிகுந்து இரண்டு சொல்லையும் கோத்துக் காட்டுகிறது. ஆனால் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் மருமகளைப் பற்றிய பேச்சில் ‘போடு’ எங்கே போடுகிறது என்பதை அடுத்த தலைமுறை ஆய்வாளர்களே சொல்ல வேண்டும். ‘இழு’வும் ‘இழை’யும் முதலெழுத்தில் ஒத்திருப்பதால் இழுத்துவிடுதல் நெசவிலிருந்து பிறந்தது என்று நிறுவவும் வழியுண்டு. முதல் எழுத்து ஒத்தால் மூலச்சொல், இரண்டெழுத்து ஒத்தால் முழு நாகரிகம் என்பது நம் வேர்ச்சொல் துறையில் வழங்கும் அளவுகோல். எனினும் இக்கட்டுரை அவ்வளவு தூரம் இழுக்கவில்லை. இடைவெளிச் சிக்கலுக்கு மூலநூல் வேண்டுவோர் காண்க: விசைப்பலகை, கடைசி வரிசை, நடுவிலுள்ள நெடிய விசை, அதன்மேல் எதுவும் எழுதப்படாத பகுதி.

இனி வகைகள். கோப்பை இழுத்தல், படத்தை இழுத்தல், சாளரத்தை இழுத்தல் என்பன வெளிப்படை. எழுத்தை இழுத்தல் என்பது யாரும் விரும்பிச் செய்யாதது, எல்லோருக்கும் நேர்ந்தது.

மென்பொருள் நூலோர் ஒரு சாரார், இழுத்துப் போடுதல் மனிதக் கைக்கு இயற்கையானது, மேசைமேல் இருக்கும் பொருளை எடுத்து வைப்பதைப் போன்றது, ஆகவே கற்பிக்க வேண்டாதது என்பர். அதுவும் அற்றன்று. என்னை? எனின், கையால் பொருளை நகர்த்துவதையே பிழைப்பாகக் கொண்ட நெசவு அதைக் கைவிட்டுவிட்டது. சேலையின் அகலம் சுமார் நான்கு அடி. பாவிழைகள் விரியும் இடைவெளிக்குள், குறுக்கே ஓடும் ஊடை இழையைச் சுமக்கும் நாடாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கையாலேயே அனுப்பி வாங்கியது பழைய முறை. 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை வெட்டி இழுத்தால் நாடா தானே ஓடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கை கயிற்றோடு நின்றது, நாடா பறந்தது. பொருளோடு கையும் கூடவே போவது வீண் என்று நெசவு கண்டுகொண்டது அப்போதே. கணினித் துறை அதை அளந்து பார்க்க 1991 ஆயிற்று: மெக்கென்ஸி, செல்லன், பக்ஸ்டன் மூவரும் சோதித்து, சுட்டிச் சொடுக்குவதைவிட இழுத்துப் போடுவது மெதுவானது, பிழையும் அதிகம் என்று எழுதினார்கள். இடைப்பட்ட 258 ஆண்டுகளில் ஒரு தறிக்காரரைக் கேட்டிருந்தால் ஓர் ஆய்வரங்கச் செலவு மிச்சமாகியிருக்கும்.

அப்படியானால் தறியில் இழுத்துவிடுதலுக்கு நேரானது எதுவும் இல்லையா? உண்டு, ஆனால் நாடாவில் இல்லை, மேலே இருக்கிறது. ஜக்கார்டு பெட்டி வருமுன் பட்டுத் தறிகளில் ‘அடை’ கட்டி நெய்தார்கள். எந்தெந்தப் பாவிழை எப்போது எழ வேண்டும் என்பதை நூல் முடிச்சுகளாகக் கட்டி வைத்திருப்பார்கள். நெய்பவருக்குத் துணையாக ஒருவர் உட்கார்ந்து அந்நூல்களை இழுப்பார், ஊடை ஓடும்வரை பிடித்திருப்பார், பிறகு விடுவார். இழு, பிடி, விடு. கருதுகோள் இங்கே கண்ணெதிரே நிற்கிறது. இழுப்பதும் விடுவதும் கணநேரம். நாடா ஓடி மறுகரை சேர்வதெல்லாம் பிடித்திருக்கும் நேரத்தில்தான். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அந்தத் துணையாளின் வேலையை ஒரு பெட்டிக்குள் அடைத்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதன் கொக்கி மேலே தூக்கப்படும், பாவிழை எழும். துளை இல்லாத இடத்தில் கொக்கி விலகிக் கீழேயே நிற்கும். ஊடைக்கு ஓர் அட்டை. இந்த அட்டைகளைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்துக்கும் துளை அட்டை வேண்டுமென்று தீர்மானித்தார். இதிலிருந்து, கணினி தறிக்குப் பேரன், ஆரணி கணினிக்குத் தாய்வழிப் பாட்டி வீடு, மவுஸைத் தமிழன் கடல்கடந்து அனுப்பினான் என்று மூன்றே வாக்கியத்தில் சென்று சேரலாம். மாநாட்டு மலர்களில் இதைவிடக் குறைந்த தூரத்தில் சென்று சேர்ந்தவர்கள் உண்டு. மவுஸை 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோவில் மேடையேற்றிக் காட்டினார் என்பதும், கோப்பை இழுத்துப் போடும் பழக்கத்தை ஆப்பிளின் லிசா (1983), மக்கின்டோஷ் (1984) கணினிகள் பரப்பின என்பதும் மேற்படி முடிவுக்கு இடையூறான செய்திகள். அதனால்தான் அவை இவ்வளவு தள்ளி வருகின்றன.

பிடித்திருத்தலுக்குள் நடப்பது என்ன? முதலில், அழுத்துவதெல்லாம் இழுப்பாகாது. விண்டோஸ் தன் வழக்கமான அமைப்பில் நான்கு படப்புள்ளி தூரம் நகரும்வரை அதை இழுப்பாகக் கருதுவதில்லை. கை நடுக்கம் என்று தள்ளிவிடுகிறது. அலுவலகக் கடிதத்துக்கு இது கருணை. சேலை டிசைனுக்கோ இது வேறு கதை: கிராப் தாளில் ஒரு கட்டம் எப்படிப் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளியோ, அப்படியே திரையிலும் ஒரு படப்புள்ளி. உருப்பெருக்காமல் பார்க்கும்போது மாங்காய்ப் புட்டாவை இரண்டே கட்டம் தள்ள விரும்புபவரின் கையைக் கணினி, நடுங்குகிறது என்று சொல்லிவிடும். அவர் தேவைக்கு மேல் இழுத்துப் பிறகு திரும்பி வர வேண்டும், இல்லையேல் அம்பு விசையைத் தேட வேண்டும். இரண்டிழை பிசகினால் என்ன என்று கேட்பவர் பட்டுச்சேலை வாங்கும் கூட்டத்தோடு கடைக்குப் போகாதவர்.

அடுத்து, அந்தரத்தில் இருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது? பழைய போல்டரிலேயே இருக்கிறது என்பது உண்மை. மவுஸ் முனையில் தொங்குகிறது என்பது காட்சி. திரிசங்குவுக்காவது தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. மென்பொருள் எழுதுவோர் இந்நிலையை நுழைதல், மேல்நிற்றல், விலகல், விழுதல் என நான்கு நிகழ்ச்சியாகப் பிரிப்பர். நுழையும்போதும் மேல்நிற்கும்போதும் ஏற்கும் இடம் பதில் சொல்லியாக வேண்டும்: கூட்டல் குறி என்றால் நகல், குறுக்குக் கோடிட்ட வட்டம் என்றால் இங்கே இடமில்லை. விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் கோப்பு இடம் மாறும். பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டால் நகல் ஆகும். கை செய்தது ஒன்றே. கண்ட்ரோல் விசையைச் சேர்த்தால் எங்கும் நகல், ஷிப்ட்டைச் சேர்த்தால் எங்கும் இடமாற்றம். அதிலும் விசை எப்போது அழுந்தியிருக்க வேண்டும்? தொடங்கும்போது அல்ல, மவுஸை விடும்போது. விசையிலிருந்து விரலை ஒரு கணம் முந்தி எடுத்துவிட்டால் நகல் ஆக வேண்டியது குடிபெயர்ந்துவிடும். ஆகவே தீர்ப்பு விடும் கணத்தில் எழுதப்படுகிறது. வாதம் முழுக்கப் பிடித்திருக்கும்போது நடக்கிறது. ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்குப் பத்திகள் செல்லும்போது நடப்பது எது என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. மூலம் இருந்த இடத்திலேயே இருப்பதால் அது நகல் வகை. மேற்கோள் குறி மட்டும் வழியில் விழுந்துவிடுவதால் தனி உட்பிரிவு.

இரண்டு மென்பொருள்களுக்கிடையே இழுக்கும்போது வரும் சிக்கல் கோர்வையின் சிக்கல். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம்; கரை ஊடையும் உடல் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடிக்க வேண்டும். மூன்று நாடா, பெரும்பாலும் துணைக்கு ஓர் ஆள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் கரை தனியே, உடல் தனியே. கணினியிலும் கொடுக்கும் மென்பொருள் ‘இதை எழுத்தாகத் தரலாம், படமாகத் தரலாம், கோப்பாகத் தரலாம்’ என்று பட்டியல் நீட்டுகிறது. வாங்கும் மென்பொருள் தனக்கு முடிந்ததைத் தேர்கிறது. இருவரும் பிடித்துக்கொண்டால்தான் விடலாம். படத்தை இழுத்துப் போட்ட இடத்தில் படத்துக்குப் பதில் அதன் முகவரி மட்டும் வந்து உட்காரும் அனுபவம் உலகப் பொதுமை. அதற்குக் காரணம் பயனரின் கை அல்ல, கோர்வை.

தடை விடைகள். ‘தப்பாக விழுந்தால் என்ன, திரும்பப் பெறலாமே, தொகு பட்டியல், முதல் வரி’ என்பார் கூற்று. திரும்பப் பெறலாம், என்ன நடந்தது என்று தெரிந்தால். எந்த போல்டருக்குள் விழுந்தது என்றே தெரியாத கோப்பைத் தேடித் திறந்து மூடி வேறு நான்கு வேலை செய்தபின் முதல் வரி வேறொன்றைத் திரும்பப் பெறும். தறியில் பிழையைக் கண்டவர் ஊடை ஊடையாகப் பிரிக்கிறார். அது கடினம், ஆனால் எதைப் பிரிக்கிறோம் என்பதில் ஐயமில்லை.

‘மவுஸைப் பிடித்தபடி நகர்த்த முடியாத கைகள் உண்டே’ என்பது அடுத்த தடை. 2023 அக்டோபரில் வெளிவந்த இணைய அணுகல் நெறிகளின் 2.2-ஆம் பதிப்பு, இழுத்தே தீர வேண்டியவை தவிர, இழுத்துச் செய்யும் மற்ற எதையும் இழுக்காமல் சொடுக்கியும் செய்ய வழி வேண்டும் என்கிறது. வலைத்தளங்களுக்குச் சொன்னது மேசைக் கணினி மென்பொருளுக்கும் பொருந்தும். இத்தடைக்கு விடை இல்லை. சரி என்பதே விடை.

மூன்றாம் தடை மக்கின்டோஷின் குப்பைத்தொட்டி. பிளாப்பியை வெளியே எடுக்க அதைக் குப்பையில் இழுத்துப் போடுவதையும் ஒரு வழியாக அக்கணினி வைத்திருந்தது. தன் ஆண்டுக்கணக்கு முழுவதும் உள்ள தட்டைக் குப்பையில் போடச் சொன்னால் எவர் கை வரும்? இழுத்துவிடுதல் பொருந்தாத முறை என்பதற்கு இதைக் காட்டுவர். ஆனால் ஆப்பிள் பின்னாளில் செய்த திருத்தத்தைப் பாருங்கள்: மேக் ஓஎஸ் டென்னில் தட்டை இழுக்கத் தொடங்கியதும் குப்பைத்தொட்டி மறைந்து வெளியேற்றும் குறி வந்துவிடும். இழுப்பையும் மாற்றவில்லை, விடுவதையும் மாற்றவில்லை. பிடித்திருக்கும் நேரத்தில் உண்மையைச் சொன்னார்கள், அவ்வளவே. மாறாக, 2021-ல் விண்டோஸ் 11 தன் பணிப்பட்டையில் எதையும் இழுத்து வைக்க முடியாதபடி வந்து குறுக்குக் கோட்டு வட்டத்தைக் காட்டியது; மறு ஆண்டு வசதியைத் திருப்பித் தந்தது.

பிடித்திருப்பவருக்கு மனம் மாறினால் என்ன வழி என்பது எஞ்சியிருக்கிறது. எஸ்கேப்பை அழுத்தினால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். காண்க: விசைப்பலகை, முதல் வரிசை, இடக்கோடி, வேறு பாடம் சில மடிக்கணினிகளில் எழுத்து சிறுத்துக் காணப்படும், எழுத்து தேய்ந்த படிகளில் ஊகித்துக் கொள்க. அடை நூலைப் பிடித்திருந்த துணையாளுக்கு இவ்விசை இருந்ததில்லை. அவர் நெய்பவர் முகத்தைப் பார்த்தார். இனி மேலாய்வுக்கான பரிந்துரை ஒன்று. இழுத்துவிடுதலின் உறவுமுறையான இழுத்தடித்தல் இங்கே ஆராயப்படவில்லை. அதற்கு ஆரணி ஏற்ற களம் அன்று. ஆய்வேட்டைத் தேர்வுக்கு ஒப்படைத்துவிட்டுப் பல்கலைக்கழக அலுவலக வராந்தாவில் காத்திருப்போரிடம் தரவு தாராளமாகக் கிடைக்கும்.