ஆடி மாதத்தில் போய்ப் பாருங்கள்

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு குடியிருக்க, ஆண்டிபட்டிப் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விலை மலிவு. அருகே காற்றாலை வரப்போகிறதாம். வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தை மாதத்தில் வீட்டைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள் அம்மா. கம்பம் கணவாய் வழியாக வரும் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் தன் சுயரூபத்தைக் காட்டும். அம்மியைப் பறக்கவிடும் ஆடியில், ஏற்கெனவே காற்றாலை சுற்றும் ஊர் ஒன்றில் ஓர் இரவு தங்கிக் கேளுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு ஒலி வரம்பு 45 டெசிபல்.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலில் 500 மீட்டர் இடைவெளி உண்டு. ஆனால் அது 15 வீடுகளாவது உள்ள குடியிருப்புக்கு. உங்களுடையதோ தனித் தோட்டவீடு! அதற்குக் கோபுர உயரம், இறக்கை வட்டத்தின் பாதி விட்டம், கூடவே 5 மீட்டர்; அவ்வளவுதான். 120 மீட்டர் கோபுரம், 120 மீட்டர் விட்டம் என்றால் வெறும் 185 மீட்டர். அந்தத் தூரத்தில் மேற்கே நின்றால், சாயங்கால வெயிலில் இறக்கையின் நிழல் உங்கள் சமையலறைச் சுவரில் வெட்டி வெட்டி ஓடும்.

பக்கத்துச் சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். காற்றாலைக்காகப் பதிவான குத்தகை இருந்தால் தெரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடமும் விசாரியுங்கள்.

காற்றாலை நாட்டுக்கு நல்லது, வரட்டும். உங்கள் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருமென்றால் மட்டும் முன்பணம் கொடுக்காதீர்கள்.