குறையாப் பொருள்கள்: சிற்றளவுக் கார்க் கலை குறித்த ஓர் ஆராய்ச்சி

உலகில் ஓடும் ஒரு காரை, அதன் கதவுக் கைப்பிடி, வைப்பர், பெட்ரோல் மூடி உட்பட எதையும் விட்டுவிடாமல், உள்ளங்கையில் அடங்கும்படி மீண்டும் செய்தலும், செய்தவற்றைச் சேர்த்தலும், சேர்த்தவற்றைப் பிறர் கைபடாமல் காத்தலுமாகிய முத்தொழிலே இங்குச் சிற்றளவுக் கார்க் கலை எனப்படும். அழித்தற்றொழில் வீட்டிலுள்ள ஐந்து வயதுக்கு உட்பட்டோரிடம் தொன்றுதொட்டு ஒப்படைக்கப்பட்டிருத்தலின், அது தனியே ஆராயப்படவில்லை.

இக்கலைக்கு அடிப்படை அளவு விகிதம். பெட்டியின் மேல் 1/24 என்று அச்சிட்டிருந்தால், அசல் காரில் 24 செ.மீ. இருந்தது உள்ளே இருப்பதில் 1 செ.மீ. ஆகியிருக்கிறது என்பது பொருள், அவ்வாறே 4.2 மீட்டர் நீளமுள்ள கார் 17.5 செ.மீ. ஆகும். நீளமும் அகலமும் உயரமும் இங்ஙனம் ஒழுங்காகக் குறைந்து நிற்பதைக் கண்டு வியப்பது எல்லார்க்கும் இயல்பு. ஆயினும் குறைய மறுத்து, முழு அளவிலேயே நின்று இக்கலைஞரை வாட்டும் பொருள்கள் சில உள. அவற்றைக் குறையாப் பொருள்கள் எனப் பெயரிட்டு வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதற்கு முன் விகிதங்களின் பிறப்பை அறிதல் வேண்டும். ஏனெனில் அவற்றுட் பல காரை நினைந்து வகுக்கப்பட்டவையே அல்ல. சேகரிப்போர் பெரிதும் போற்றும் 1/43 ரயிலின் கொடை. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி, தம் பொம்மை ரயில்களுக்கு அருகே நிறுத்திவைக்கச் சில வாகனங்களை 1933-இன் இறுதியில் வெளியிட, அவை அடுத்த ஆண்டு டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. பிரிட்டனின் ஓ கேஜ் பொம்மை ரயில், அசலின் ஓரடிக்கு 7 மி.மீ. என்னும் கணக்கில் அமைவது, ஓரடி 304.8 மி.மீ. ஆதலின் விகிதம் 43.5 ஆகிறது. ஸ்டேஷன் வாசலில் பயணியை இறக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டிய கார், பின்னாளில் ரயிலை வெளியேற்றி அலமாரி முழுவதையும் தனதாக்கிக்கொண்டதே அன்றி, ரயிலின் அளவை மட்டும் திருப்பித் தரவில்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஒரு பாந்தர் டாங்கியை வடிவமைத்தபோது, உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்க வேண்டுமென உடலின் அகலத்தை முடிவு செய்து, பின்னர் அளந்து பார்க்க, அது 1/35 ஆக இருந்தது. அதுவே அத்துறைக்கு விதியாயிற்று. டாங்கி கார் அன்றே என்பார்க்கு, உவமை பற்றி ஈண்டுச் சேர்க்கப்பட்டது என விடை கூறி அமைக.

இவை அனைத்தினும் விசித்திரமானது, பள்ளிக்கூடச் சட்டம் ஒன்றால் பிறந்த அளவாகும். லண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் பங்காளியாக இருந்த ஜாக் ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்தது. தந்தையார் விதியோடு வாதிடாமல், பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். அதன் வழியே 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது. பெட்டியின் அளவு மாறாததாகலின், உள்ளே போகும் வண்டியே தன் விகிதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ரோடு ரோலரும் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்தும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் அருகருகே நின்றன. இதனை முறைகேடு என்று கடிவோர், பெட்டி முதல், கார் சார்பு என்னும் நுட்பத்தை உணராதவர்.

இனிக் குறையாப் பொருள்கள். அவற்றுள் முதலாவது எடை. நீளம் 24-இல் ஒன்றாகுங்கால் கனஅளவு 13,824-இல் ஒன்றாகக் குறைதலின், 1,200 கிலோ எடையுள்ள கார் 1/24 அளவில் 87 கிராம் இருப்பதே நியாயம். டைகாஸ்ட் கார்கள், அதாவது துத்தநாகக் கலவையை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கப்படுபவை, இந்நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை. 1/43 அளவில் 100 கிராம் எடை காட்டும் ஒன்றை அதே கனத்துடன் அசல் அளவுக்குப் பெருக்கினால் அது ஏறத்தாழ 8 டன் ஆகும். கடையில் அதைக் கையில் ஏந்தி, நல்ல கனம் என்று தலையசைக்கும் சேகரிப்பாளர், குடும்பக் கார் ஒன்று லாரியின் எடையில் இருப்பதையே பாராட்டுகிறார் என்க.

இரண்டாவதாகிய முதுமை குறையாததோடு அமையாமல் விரையவும் செய்கிறது. 1930-களில் வார்க்கப்பட்ட பொம்மைகள் பலவற்றில் துத்தநாகத்தோடு சிறிது ஈயமும் கலந்துவிட்டதால், உலோகத்தின் நுண்மணிகளுக்கிடையே அரிப்புப் பரவி, உடல் வீங்கி, விரிசல் கண்டு, தொட்டால் உதிரும் நிலையை அடைந்தது. அதே பத்தாண்டில் பிறந்த அசல் கார்கள் சில இன்னும் சாலையில் ஓட, கண்ணாடி அலமாரியை விட்டு ஒருநாளும் இறங்காத அவற்றின் குட்டிகள் முதுமையால் மாண்டன.

மூன்றாவதாகிய வண்ணமே இவ்வாராய்ச்சியின் நடுவிடம். அசல் காரின் மேல் தொழிற்சாலையில் ஏறும் பிரைமர், நிறம், பளபளப்புப் பூச்சு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, தடிமன் கொள்ளும். 1/24 காரில் அது 4 மைக்ரானாக இருத்தல் வேண்டும். மனிதக் கை இதற்கு இணங்குவதில்லை. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் காரைக் கட்டுநர் எவ்வளவு மெலிதாகப் பீய்ச்சினாலும், பல படலங்கள் ஏறி முடிவதற்குள் பூச்சு அசலின் தடிமனை நெருங்கிவிடுகிறது. ஆகவே அவருடைய கார், முழு அளவாக எண்ணிப் பார்த்தால், 2 மி.மீ.க்கு மேல் பெயின்ட் அப்பிய காராகும். கதவுக்கும் உடலுக்கும் இடைப்பட்ட கோடுகள் அதில் மூழ்கிப்போகும் ஆதலின், அவற்றை முன்கூட்டியே கூரிய கருவியால் ஆழமாகக் கீறுவர், பூசியபின் 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பர், தேய்க்கையில் விளிம்பில் பெயின்ட் கழன்று பிளாஸ்டிக் தெரியும், மீண்டும் பூசுவர், கோடு மீண்டும் மூழ்கும். மெட்டாலிக் நிறமாயின் துன்பம் இரட்டிக்கும்: அசல் பெயின்டில் கலந்துள்ள அலுமினியத் துகள்களும் குறையாப் பொருள்களே ஆதலின், அவை 24 மடங்கு பெருத்தாற்போலத் தோன்றி, அடக்கமான ஜெர்மானியக் காரொன்று ஜிகினா ஒட்டிய கல்யாணப் பத்திரிகை போல் ஆகிவிடும். கார்கி நிறுவனம் 1965-இல் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினை வெளியிட்டபோது, திரையில் வெள்ளி நிறமாக இருந்த அக்காருக்குப் பொன்னிறம் பூசியது. வெள்ளி பூசினால் பெயின்டே அடிக்காத வெறும் உலோகம் என்று வாங்குவோர் எண்ணக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இக்கட்டுரைப் பொருளை நன்குணர்ந்த நிறுவனம் அது.

ஈரமான பூச்சின் மேல் விழும் தலைமயிர், 1/24 கணக்கில் கிட்டத்தட்ட 2 மி.மீ. கனமுள்ள கம்பி; காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்த கட்டைவிரலின் ரேகை, அரை மீட்டர் அகலமுள்ள பள்ளம். காயவில்லை என்பது தொட்டபின்னரே தெரியவரும்; தொடாமல் அறியும் முறை இதுவரை கைகூடவில்லை.

நான்காவது காலம். இதனைத் திணை மரபில் வைத்து நோக்குதல் தகும். முதற்பொருளுள் நிலம், சாப்பாட்டு மேசையும் அதன்மேல் விரித்த பழைய செய்தித்தாளும். பொழுது, வீட்டார் உறங்கிய பின்னுள்ள யாமம். கருப்பொருள் இடுக்கி, நிப்பர், பட்டி, பசைக்குப்பி, ஸ்ப்ரூ என்பன. ஸ்ப்ரூ என்பது பாகங்கள் அனைத்தையும் பிணைத்துக்கொண்டு அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் சட்டம். பசையெனப்படுவது ஒட்டும் பொருளன்று, பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைச் சிறிது கரைத்து இரு பாகங்களை ஓருடலாக்கும் திரவமாகும். ஆகவே பிழைபட ஒட்டியதைப் பிரித்தல் இல்லை, இரங்கல் உண்டு. உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தலே. தலைவன் வருவான் என்று ஆற்றியிருத்தலுக்கு மாறாக, பெயின்ட் காயும் என்று ஆற்றியிருத்தல். முல்லையோடு வேறுபடும் இடம் ஒன்றுண்டு: கார்காலம் காருக்கு ஆகாது. லாக்கர் வகைப் பூச்சின் கரைப்பான் விரைந்து ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கருநிறக் காரும் பசலை பூத்தாற்போல வெளிறிப்போகும்.

ஐந்தாவது தரை. இடுக்கியின் பிடியிலிருந்து தெறித்த பக்கக் கண்ணாடி 1/24 அளவினது. அது விழுந்த 12 அடி அறையோ முழு அளவினது. சிற்றளவில் அது 288 அடி மைதானம் என்பதை நினைந்தால், கைப்பேசி விளக்குடன் முழங்காலில் தவழ்வோரைக் கண்டு நகைத்தல் கூடாது.

இனி, மூடிய பானெட்டுக்குள் இருக்கும் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் ஒயர்கள் இழுக்கத்தான் வேண்டுமா என்னும் பூசல். வேண்டா என்பார், காணாததைச் செய்வது வீண் என்பர். வேண்டும் என்பார், தாம் அறிவோம் என்பதே போதும் என்பர். பின்னவர் கட்சிக்குச் சான்றோர் துணை பெரிது. தமியா நிறுவனத்தார் தம் 1/12 போர்ஷே 934-க்காக, போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றி அளந்தனர். அளவு விகிதம் 1/1, விளக்கத்தாள் இல்லாதது என்பதொழிய அதுவும் ஒரு கிட், அதாவது கட்டுதற்குரிய பாகத் தொகுப்பே. 1976-இல் வெளிவந்த அச்சிறு கார் கடையில் விற்றது. இத்தாலியின் போக்கர் நிறுவனம் 1/8 அளவில் வெளியிட்ட பழைய ரோல்ஸ் ராய்ஸ், ஆல்ஃபா ரோமியோ கிட்டுகளில் பாகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததோடு, சக்கரத்தின் ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் பணியும் வாங்கியவருக்கே விடப்பட்டது. அவற்றுட் பல இன்றளவும் திறவாப் பெட்டியிலேயே உள்ளன என்பதைக் கொண்டு, இக்கட்டுரை வேண்டும் என்பார் பக்கமே சாய்கிறது. செய்யாதிருக்கும்போது எல்லாவற்றையும் செய்வதாக எண்ணுவதில் தடையொன்றுமில்லை.

சேகரிப்போர் வழக்கு வேறு. அவர்க்குப் பெட்டியே உயிர், கார் உடல். எனினும் பிழையும் அவர்களிடம் மதிப்புப் பெறும். டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வர, அவற்றில் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் மீண்டும் வார்த்தோர், அடித்தகட்டில் இருந்த டிங்கி என்னும் பெயரைச் சுரண்டித் திருத்தினர்; வார்ப்பும் பெயின்டும் முரடாக அமைந்த அக்கார்களை இப்போது தேடித் திரிவோர் உளர்.

எஞ்சியிருப்பது விலை. கடையில் விலை குறையாப் பொருள்களுள் தலையாயது. ஆயினும் அதே பொருள் வீட்டு வாசலைக் கடக்கும்போது குறைதற்குரியதாகிவிடுகிறது. கேட்பவர் மனைவியாயின் விகிதம் பெரும்பாலும் 1/3. தாயாராயின் 1/5 வரை செல்லும். 1/24-ஐ நம்பும்படி சொல்ல வல்லவர் இன்னும் தோன்றவில்லை.