நகை வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் 16 வயது மகனைத் திருட்டு வழக்கில் பிடித்துவிட்டார்கள். வக்கீல் வைக்க நகையை அடகு வைக்கட்டுமா? – ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. அடகுக் கடைக்குப் போகிற கால்களைக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் திருப்புங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் குழந்தைக்கு இலவச வக்கீல் உண்டு. தொலைபேசியில் கேட்க 15100.

உங்கள் மகன் போக வேண்டியது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அவனை அங்கே கொண்டுவர வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு பூட்டக் கூடாது. நடந்திருந்தால் வக்கீலிடம் முதலில் அதைத்தான் சொல்லுங்கள்.

சொந்தமாக வக்கீல் பிடிப்பதானால், கொலை வழக்கில் கர்ஜித்தவரைத் தேடாதீர்கள். குழுமத்தில் பழகியவரைத் தேடுங்கள். அங்கே உரத்த குரலைவிடப் பிறந்த தேதிக்குத்தான் மதிப்பு. சம்பவ நாளன்று 18 நிரம்பவில்லை என்பதைப் பள்ளிச் சான்றிதழே சொல்லிவிடும். ஜாமீன் தருவதுதான் அங்கே பொது விதி. மறுக்கத்தான் காரணம் எழுத வேண்டும்.

பையனை அடிக்காதீர்கள். வக்கீலிடம் அவனே பேசட்டும். சான்றிதழை இன்றே எடுத்து வையுங்கள்.