ரோமாபுரி போய் வந்தவர்

வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தவர்கள் மதுரையில் ஏராளம். கால் கொப்புளம் ஆறுவதற்குள் அவர்கள் பேச்சும் ஓய்ந்துவிடும். ரோமாபுரிக்கு விமானத்தில் போய் வந்தவருக்கு ஓய்வே கிடையாது. ஞானஒளிவுபுரமோ, அண்ணாநகரோ, கீழவாசலோ, எந்தப் பங்கை எடுத்தாலும் இப்படி ஒருவர் உண்டு. பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருப்பார், இல்லையென்றால் ரயில்வே பென்ஷன்காரர். மகன் துபாயில். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நிற்பார். செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரின் தோளில் கை விழும்.

"நாங்க இராயப்பர் கோவில்ல நிக்கிறப்ப என்னாச்சுண்டு கேளுங்க..."

அவ்வளவுதான். அடுத்த பூசைக்கு மணி அடிக்கும்வரை செருப்பு போட முடியாது.

பயணம் முடிவானதிலிருந்தே அவர் நடை மாறிவிடும். ரோம், அசிசி, பதுவை என்று பத்து நாள் திருப்பயணம். கூடவே ஒரு சாமியார் வருவார், தினமும் பூசை உண்டு, இரவில் இந்தியச் சாப்பாடு உண்டு. நோட்டீஸில் இந்த மூன்றாவது சங்கதிதான் பெரிய எழுத்தில் இருக்கும். அதையும் நம்பாமல் பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மிக்சர் என்று பெட்டியை நிரப்பிக்கொள்வார். ஸ்வெட்டருக்கு இடமில்லாமல், மதுரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டே விமான நிலையத்துக்குப் போனவரும் உண்டு.

ரோமில் இறங்கியது முதல் அவர் பேசியது முழுக்க மதுரையைப் பற்றித்தான் என்று கூடப் போனவர்கள் சத்தியம் செய்கிறார்கள். டைபர் ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர், "எந்த டேமைத் தொறந்து விட்டிருக்காங்க?" என்று கேட்டார். எதையும் திறக்கவில்லை, எப்போதும் இப்படித்தான் ஓடும் என்றார் வழிகாட்டி. வைகைக்காரர் அதை இன்றுவரை நம்பவில்லை.

இராயப்பர், அதாவது புனித பேதுரு, சதுக்கத்தில் இன்னொரு சிக்கல். பெர்னினி கட்டிய தூண் வரிசையில் 284 தூண்கள் என்றார் வழிகாட்டி. திருமலை நாயக்கர் மகாலுக்கு 248 தூண் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் நம்மவர். பாவம் வெள்ளைக்காரப் பிள்ளை, எண்ணை மாற்றிச் சொல்கிறது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். மகால் எழும்பியது 1636-இல். பெர்னினி தூண் நட ஆரம்பித்தது அதற்கு இருபது வருஷம் கழித்து. இது தெரிந்திருந்தால் அவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார்.

அவருடைய தனிப்பெருஞ் சாதனை சவேரியார் விஷயத்தில். சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது, வலக்கை ரோமில் ஜெசு கோவிலில் இருக்கிறது. "கோவால உடம்பப் பாத்தாச்சு, இங்கன கையப் பாத்தாச்சு. முழுசாப் பாத்தவன் நம்ம பங்குல வேற எவன் இருக்கான்?" இதற்குப் பங்குச் சாமியிடமே பதில் கிடையாது.

பரிசுத்தப் படிக்கட்டில் 28 படி. முழங்காலிலேயே ஏற வேண்டும். ஏறினார். மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொன்னால் மட்டும் அதே முழங்கால் ஒத்துழைப்பதில்லை என்பது வீட்டம்மாவின் சாட்சியம். "அவரு பாதி நேரம் பாத்ரூம் தேடிக்கிட்டுத்தான் திரிஞ்சாரு. ஒரு யூரோவாம்ல. நூறு ரூவா குடுத்துப் போகணுமாண்டு சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வந்தாரு." இந்தப் பகுதி கோவில் வாசல் பதிப்பில் இடம்பெறாது.

திரெவி நீரூற்றில் எல்லோரும் நாணயம் போட்டார்கள். இவர் போட்டது இந்திய ஒரு ரூபாய். அங்கே விழும் காசு காரித்தாஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. இந்தியாவுக்கு நம் பணமெல்லாம் போகிறதே என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளைத் தோண்டியும் எடுத்திருக்கிறார்கள். ஆக, பழைய பாக்கியில் ஒரு ரூபாய் கழிந்தது.

இதே பாதையில் எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளையான ராபர்ட் தெ நொபிலி என்ற சேசு சபைச் சாமியார் 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், புலாலை விட்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தத்துவபோதகர் ஆனார். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாமா என்ற மதுரை வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்புச் சொன்னார். மதுரைக்காக அந்த மனிதர் அத்தனையையும் விட்டார். ரோமாபுரிக்காக நம்மவர் ஊறுகாயைக்கூட விடவில்லை. பாஸ்தாமேல் பருப்புப்பொடி தூவித்தான் சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் ஜெபமாலை விநியோகம். பாப்பரசர் ஆசீர் கொடுத்தபோது பை நிறைய மாலைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, மொத்தமாக மந்திரித்து வாங்கியவை. ஆசீர் ஒன்றுதான், மாலைக்குத்தான் தரம் உண்டு. சம்பந்தி வீட்டுக்கு ஒலிவ மரம், அன்பியத் தலைவருக்குக் கண்ணாடி மணி, மற்றவர்களுக்கு பிளாஸ்டிக். வெள்ளிதோறும் மீனாட்சியைப் பார்க்கப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று போனது. அவர் அதை மரியாதையாகப் பூஜையறையில் மாட்டிவிட்டார். பிளாஸ்டிக்தான் என்று அவர் குறை சொல்லவில்லை. குறை சொன்னது சொந்தத் தங்கை.

கூடத்தில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. முன்னால் இவர், பின்னால் பெருங்கூட்டம், அதற்கும் பின்னால் ஒரு சன்னலில் வெள்ளையாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பாப்பரசர். விருந்தாளி காபி குடிப்பதற்குமுன் புள்ளியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த ஊர்க் கோவில்களின் வண்ணக் கண்ணாடியைப் பற்றி ஒருநாள் உருகிக்கொண்டிருந்தார். பிரான்சில் உள்ள ரெய்ம்ஸ் பேராலயத்தைப் போலவே 1894-இல் கட்டிய கோவில் இடைக்காட்டூரில் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு பையன் கேட்டான். மதுரையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும்.

"எங்கப்பா... அதுக்கு பஸ்ஸு சரியில்லைல."

அடுத்து லூர்து, பாத்திமா. முன்பணம் கட்டியாகிவிட்டது. லூர்து கெபித் தண்ணீர் வேண்டுவோர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சொல்லி வைக்கலாம். பாட்டிலை நீங்களே கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து கால் லிட்டருக்கு மேல் வேண்டாம்.