சிலம்பக் கம்பும் சிறப்பு வகுப்பும்

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்பது பள்ளி வேன்களின் ஹாரன். வேன் முதுகில் 'முழுமையான ஆளுமை வளர்ச்சி' என்று எழுதியிருக்கும். யோகா, சிலம்பம், செஸ், ரோபோட்டிக்ஸ் எல்லாம் உண்டு, ஃபீஸ் ரசீதில் ஒவ்வொன்றும் ஒரு வரியாக. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு நெருங்கினால் சிலம்பக் கம்பு ஸ்டோர் ரூமுக்குள் போய்விடும். பி.டி. பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். ஆளுமை அதற்குமேல் வளர அனுமதி இல்லை.

பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே பிளஸ் டூவை இரண்டு வருஷம் உருவேற்றும் கலை நாமக்கல், சேலம் வட்டாரத்தில்தான் ஓங்கி வளர்ந்தது. அதற்குக் கடிவாளமாக 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2017இலேயே மாநில ரேங்க் அறிவிப்பும் நின்றது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அசரவில்லை. ரேங்க் போன இடத்தில் சென்டம் வந்தது, பிறகு நீட் வந்தது. ஃப்ளெக்ஸின் நீளம் மட்டும் குறையவில்லை.

பக்கத்துத் தருமபுரி மாவட்டத்து நாகர்கூடலில், மீனாட்சி உமேஷ் தொடங்கிய புவிதம் பள்ளியில் பிள்ளைகள் மண்ணைக் கொத்துகிறார்கள், விதைக்கிறார்கள். படிப்பும் அதோடு சேர்ந்தே நடக்கிறது. இதை நம்மூர் அப்பா ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

"மம்முட்டி புடிக்கறதுக்கு நான் எதுக்குங்க ஃபீஸ் கட்டோணும்? எங்க தோட்டத்துலயே களையெடுக்க ஆளில்லீங்க."

"பையன்?"

"அவனுக்கு ஞாயித்துக்கெழமையும் ஸ்பெஷல் கிளாஸுங்க."