அண்ணாச்சி ஓய்வெடுக்கிறார்

சிவகாசிப் பட்டாசு முதலாளிக்கு லீவு என்று ஒன்று உண்டென்றால், அது தீபாவளிக்கு மறுநாள்தான் பிறக்கும். ஊர் உலகமெல்லாம் வெடித்துத் தீர்த்த பிறகு, ஆலையைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி குடும்பத்தோடு ரிசார்ட்டுக்குக் கிளம்புவார். பள்ளிக்கூடத்துக்கு அப்போது லீவு கிடையாது. அதனால் வீட்டிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும். லெட்டரை மதினி எழுதுவார். கையெழுத்தை அண்ணாச்சி போடுவார்.

அவருடைய அப்பா காலத்தில் ஓய்வு என்றால் குற்றாலம். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, பரோட்டா தின்று, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தால் ஆயிற்று. அண்ணாச்சிக்கு அது போதவில்லை. மேலேயிருந்து தண்ணீர் விழுந்தால் மட்டும் பற்றாது, ஆளும் விழ வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் பரவை ‘அதிசயம்’ தண்ணீர்ப் பார்க்கில் ஆரம்பித்தவர், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கொச்சி, பெங்களூருப் பக்கம் பிடதி என்று ஏறி, சிங்கப்பூர் செந்தோசா வரைக்கும் போய் வந்துவிட்டார்.

எந்தச் சறுக்கு பயங்கரமானது என்று அவரைக் கேட்காதீர்கள். முதலாளி யார் என்று கேளுங்கள். “வொண்டர்லாவ ஆரம்பிச்சது யாருங்க? ஸ்டெபிலைசர் வித்தவரு! வி-கார்டு கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. 2000-ல கொச்சியில வீகாலேண்டு, 2005-ல பெங்களூரு. அப்புறம் பாத்தாரு, வந்தவன் சாயந்திரம் ஆனா வெளிய போயித் தங்குதானே, அந்தக் காசையும் எதுக்கு விடணும்னு 2012-ல பார்க்குக்குப் பக்கத்துலயே ஓட்டலக் கட்டிட்டாரு. யாவாரின்னா அவரு யாவாரி!” ராட்டினம் தலைகீழாகச் சுற்றும்போதுகூட அண்ணாச்சி இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அறை எடுப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒருநாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேலே போனால் 18. அதனால் அண்ணாச்சியின் அறை எப்போதும் 7,500-ஐ ஒட்டி உள்ளே நிற்கும். ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியுமா, ஜெனரேட்டர் தெரியுமா என்பதெல்லாம் பிறகு.

மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். அண்ணாச்சியின் வேன் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும். “ரூம் சும்மாதான தம்பி கெடக்கு? வெறும் ரூமுக்கு எதுக்கு டயம்?” என்ற கேள்விக்கு எந்த ஓட்டல் படிப்பிலும் பதில் இல்லை.

அடுத்த சண்டை தலைக்கணக்கு. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அதை அண்ணாச்சி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அஞ்சாவது ஆள் எட்டிப் பார்த்தால் போர்மேனைத் தொலைத்துவிடுவார். அதே அண்ணாச்சி, ரிசப்ஷனில் நின்று இரண்டு அறைக்குள் ஒன்பது பேரை அடக்கப் பார்ப்பார். “சின்னப் பிள்ளைகளையுமா கணக்குல சேப்பீக?” என்பார். அவர் கை காட்டுகிற சின்னப் பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும்.

அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் ஏசி ரிமோட்டைத் தேடுவார்கள். அண்ணாச்சி இன்னொரு கதவைத் தேடுவார். ஆலையில் அறைக்கு எதிரெதிரே வாசல் இருக்கும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். ஒன்று ஆனால் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாம். இங்கேயோ ஒரே கதவு, அதுவும் உள்பக்கமாகத் திறக்கிறது. “இதுக்கு எந்தப் புண்ணியவான் லைசென்ஸ் குடுத்தான்?” என்று நாக்பூரில் இருக்கிற வெடிபொருள் துறைத் தலைமையகத்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ‘தீப்பிடித்தால் இந்த வழி’ படத்தை, கண்ணாடி போட்டு, விரலை ஓட்டி, கடைசிவரை படிக்கிற ஒரே விருந்தாளி அவர்தான். பிறகு வராந்தாவுக்குப் போய்த் தீயணைப்பு உருளையில் தொங்குகிற சீட்டைத் திருப்பி, எப்போது நிரப்பினார்கள் என்று பார்ப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. ஒரு பொறி என்ன செய்யும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பார்க் வாசலில்தான் அவர் மனசு உடையும். ஆலைக்குள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். நைலானும் பாலியஸ்டரும் உரசினால் மின்னேற்றம் வரும், பொறி பறக்கும் என்று வருஷம் பூராவும் பாடம் நடத்துகிறவர் அவர். இங்கே வாசல்காரத் தம்பி கையை நீட்டி மறிக்கிறான்: “சார், காட்டன் அலவுடு இல்ல. நைலான்தான் போடணும்.”

அண்ணாச்சி ஒரு நிமிஷம் பேசவில்லை. “எங்க ஆலைக்கு இதப் போட்டுட்டு வந்தா நான் கேட்டோட திருப்பி அனுப்பிருவேன் தம்பி.”

“எங்க பார்க்குல காட்டன் போட்டா நாங்க திருப்பி அனுப்பிருவோம் சார்.”

கடைசியில் வாசல் கடையில் பேரம் பேசி, பேரம் படியாமல், எம்ஆர்பி விலைக்கே ஒரு நைலான் டவுசரை வாங்கி மாட்டிக்கொள்வார். அன்று பூராவும் ஸ்விட்ச் போர்டு பக்கமே போகமாட்டார்.

அலைக்குளத்தில் இறங்கினால் பாதிப் பேர் சிவகாசி, சாத்தூர்க்காரர்கள். எல்லா ஆலைக்கும் ஒரே சமயத்தில் பூட்டு விழுந்தால் வேறென்ன நடக்கும்? கழுத்தளவுத் தண்ணீரில் சங்கக் கூட்டம் கூடிவிடும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டது, சரவெடி போனது, பசுமைப் பட்டாசு வந்தது என்று பேச்சு நீளும். அலை வந்து ஆளை முக்கினாலும், மேலே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆனால் வானத்தில் லேசாக இடி உருட்டினால் போதும், லைஃப்கார்டு விசிலை எடுப்பதற்குள் அத்தனை பேரும் கரையேறியிருப்பார்கள். இடி இடித்தால் வேலையை நிறுத்தி வெளியே வருவது அவர்கள் உடம்பில் ஊறியது.

சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணாச்சியின் மச்சான் தலைமை ஏற்பார். அவருக்கு விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம். சாம்பாரைக் கரண்டியால் கிண்டி, ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்து, “துவரையில பட்டாணி கலந்துருக்கான்” என்று தீர்ப்புச் சொல்வார். அடுத்து வடையைப் பிட்டு, எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்பார். பாட்டியோ எதையும் தொடாமல், மடியில் மறைத்துக் கொண்டுவந்த சாத்தூர் சேவைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வார்.

அறை கூட்ட வருகிற பையன் வடநாட்டுக்காரன் என்று தெரிந்தால் அண்ணாச்சியின் முகம் மலரும். வியாபாரத்தில் கற்ற இந்தியில், “கவுன் ஜில்லா?” என்பார். “முசாபர்பூர்” என்று அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் போனை எடுத்துவிடுவார். அங்கே ஒரு பார்ட்டி தீபாவளிச் சரக்குக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை. கடை எந்தத் தெரு, ஆள் எப்படி, வீடு சொந்தமா வாடகையா என்று பையனை உட்காரவைத்து விசாரிப்பார். அன்றைக்கு அறை பாதிதான் கூட்டியிருக்கும். டிப்ஸ் மட்டும் முழுசாக விழும்.

சிங்கப்பூரில் ஒரு ராத்திரி, ஜனமெல்லாம் வாணவேடிக்கையைப் பார்த்து ஆவென்று வாய் பிளந்து நிற்க, அண்ணாச்சி மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயிருந்து விடுகிறான், ஜனத்துக்கும் அதற்கும் எத்தனை அடி தூரம் விட்டிருக்கிறான் என்பது அவர் கவலை. “லியூயாங் சரக்கு. நல்லாத்தான் பண்ணுதான்” என்று சீனாக்காரனுக்கு அரைமனதாக மார்க் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

இப்படி, ரிசார்ட்டில் தங்குகிற மூன்று நாளும் அவர் விருந்தாளியாக இருப்பதே இல்லை. சம்பளம் வாங்காமல் அந்த ஓட்டலை நிர்வகிக்கிறார். பிறந்ததிலிருந்து முதலாளியாகவே பழகியவருக்கு, இன்னொருத்தர் இடத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லை.

கடைசி நாள். பில்லில் ஜிஎஸ்டி நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து முடித்ததும், மேனேஜர் சிரித்த முகத்தோடு ஒரு படிவத்தை நீட்டுகிறார்: “உங்க கருத்தை எழுதுங்க சார்.” அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.

“இத எங்க அச்சடிச்சீக? கலர் ரெஜிஸ்டர் விலகிருக்கு பாருங்க. சிவப்பு வெளிய நிக்குது. பேப்பரும் கனமில்ல. என் தம்பி பிரஸ் நம்ம ஊர்லதான் இருக்கு. மெனு கார்டு, இந்தப் பாரம், தினசரிக் காலண்டர், எல்லாம் சேத்துப் போட்டா ரேட்டு பாத்துச் செய்யச் சொல்றேன். பணத்துக்கு அவசரமில்ல, மெதுவாக் குடுங்க.”

மேனேஜர் தலையாட்டிவிட்டார். ஆர்டர், ஓட்டல் பில்லைவிடப் பெரிசு. கருத்துப் படிவத்தில் ஒரு எழுத்தும் விழவில்லை. பின்பக்கம் முழுக்கக் கணக்கு.

வேனில் ஏறியதும் சின்னவன் கேட்டான்: “அப்பா, அடுத்த வருஷம் எங்க போறோம்?”

“வேற எங்க? இங்கதான். பாக்கி வசூல் பண்ண வேண்டாமா?”